அறத்தொடு நிற்க ஆளில்லை

அன்பு நண்பா,

உன் கடிதத்துக்கு இரண்டு மாதம் கழித்துப் பதில் எழுதுகிறேன், மன்னித்துவிடு. இங்கே எல்லோரும் சுகம். தம்பி விஷயம் நல்லபடியாக முடிந்தது, விவரத்தை அவனே எழுதுவான். நேரே விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். கடைசிப் பக்கத்தில் நீ போகிற போக்கில் எழுதிய ஒரு வரி என் மனசைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது.

ரோமியோ ஜூலியட்டை மேடையேற்றுகிறாய். நேரம் போதவில்லை. அதனால் கடிதம் கொண்டுபோன ஜான் துறவி வரும் சின்னக் காட்சியையும், முடிவில் காதலர்க்கு மணம் முடித்துவைத்த லாரன்ஸ் துறவி பேசும் நீளப் பேச்சையும் எடுத்துவிட்டாய். "எல்லாம் விதிப்படி நடக்கிற கதைதானே, கணக்குக் கேட்க யார் வரப்போகிறார்கள்?" என்று வேறு கேட்டிருக்கிறாய். நான் வருகிறேனப்பா, கணக்குக் கேட்க.

விதி என்று நீ சொல்வதற்கு ஆதாரம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். தொடக்கச் செய்யுளிலேயே நட்சத்திரங்கள் பகைத்த காதலர் என்று சொல்லி முடிவையும் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் அதே செய்யுள் பெற்றோரின் பழம்பகையையும் சேர்த்துத்தான் சொல்கிறது. ஷேக்ஸ்பியரின் நாடகங்களைத் தொகுத்து 1623-இல் வந்த பெரும்பதிப்பில் அந்தச் செய்யுளே இல்லை. அதை மட்டும் பிடித்தவன் கையில் அச்செய்யுள் இல்லாத நாடகத்தைக் கொடுத்தால் என்ன செய்வான்? நாடகத்துக்குள் விதியை அதிகம் கூப்பிடுகிறவன் ரோமியோ. எப்போது கூப்பிடுகிறான் என்று பார். ஜூலியட்டின் உறவினன் டைபால்டைக் குத்திச் சாய்த்த மறுநிமிடம், விதி தன்னை ஆட்டிவைத்துவிட்டதாகக் கதறுகிறான். ஜூலியட் இறந்தாள் என்ற சேதி வந்ததும் நட்சத்திரங்களோடு மல்லுக்கு நிற்கிறான், அடுத்து விஷம் வாங்கப் போகிறான். இரண்டு இடத்திலும் காரியம் செய்தது அவன் கை.

அதற்காகப் பழியைப் பிள்ளைகள் தலையில் கட்டவும் எனக்கு மனசில்லை. அதை ஆர்தர் புரூக் 1562-லேயே செய்துவிட்டார். ஷேக்ஸ்பியர் எடுத்தாண்ட செய்யுட்கதை அவருடையது. பெற்றோர் சொல் கேளாத ஆசை என்று முன்னுரையிலேயே காதலர்களைக் கண்டிக்கிறார். அவர் கதை மாதக்கணக்கில் நடக்கிறது. ஷேக்ஸ்பியர் அதை ஞாயிறு காலையில் தொடங்கி வியாழன் விடியலில் முடிக்கிறார். புரூக்கில் 16 வயதான ஜூலியட்டுக்கு இங்கே 14 நிரம்ப இரண்டு வாரம் பாக்கி. அந்தக் குழந்தையிடம் பொறுமை இல்லையே என்று கேட்பதற்கு முன்னால், சுற்றியிருந்த பெரியவர்கள் என்ன செய்தார்கள் என்று கேட்கவேண்டாமா?

இங்கேதான் நம் வாத்தியார் நினைவுக்கு வருகிறார். காதலைப் பாடும் அகத்திணையில் அவர் விடாமல் பிடித்துத் தொங்கிய துறை எது? அறத்தொடு நிற்றல். களவு, அதாவது ரகசியக் காதல், நீடிக்கிறது, வேறு இடத்தில் பெண் கேட்டு வருகிறார்கள் என்றால் தோழி வளர்ப்புத்தாயான செவிலியிடம் உண்மையைச் சொல்வாள். செவிலி பெற்றவளான நற்றாயிடம், நற்றாய் தந்தையிடமும் தமையன்மாரிடமும். எப்படிச் சொல்வது என்பதற்குத் தொல்காப்பியம் ஏழு வகை தருகிறது. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 261 அடி முழுவதையும் அந்தத் தோழியின் பேச்சுக்கே கொடுத்தார். ரோமியோ ஜூலியட் கதை நடக்கும் வெரோனாவில் அந்தப் பேச்சைப் பேச ஒருவரும் இல்லை. செவிலி இருக்கிறாள், கல்யாணத்துக்குத் தூது போனவளே அவள்தான். மணம் முடித்துவைத்தவர் லாரன்ஸ் துறவி. இருவருக்கும் எல்லாம் தெரியும், இருவரும் வாய் திறக்கவில்லை. ஐந்து நாளையும் இந்தக் கண்ணோடு ஒருமுறை படித்துப்பார்.

ஞாயிறு இரவு ஜூலியட் வீட்டில் விருந்து. அழையாமல் வந்த ரோமியோவை டைபால்ட் வெட்டப் பாய்கிறான். கபுலெட்டே அவனை அடக்கி, ரோமியோ ஊரார் மெச்சும் நல்ல பையன் என்கிறார். ஏழு வகையில் 'ஏத்தல்', அதாவது தலைவனைப் புகழ்தல், என்று ஒன்று உண்டே, அதைப் பெண்ணின் தகப்பனே செய்துவிட்டார்! அன்றுதான் ஊரை ஆளும் இளவரசர் இரு வீட்டுப் பெரியவர்களையும் தனித்தனியே கூப்பிட்டுக் கண்டித்திருக்கிறார். இந்த மணத்தால் இரு வீட்டுப் பகையும் தீரும் என்று எண்ணித்தான் துறவி சம்மதிக்கிறார். அப்படியானால் திங்கட்கிழமை பேசியிருக்க வேண்டிய நாள். அவர் ரகசியமாக மணம் முடித்துவைத்து, பேச்சைத் தள்ளிப்போடுகிறார்.

ஒரு மணி நேரத்தில் அதற்கு விலை கேட்கப்படுகிறது. தெருவில் டைபால்ட் வம்புக்கு இழுக்கிறான். ரோமியோ இப்போது அவனுக்கு உறவு, ஆனால் அதைச் சொல்ல முடியாது. "காரணம் தெரியும்வரை பொறு" என்று பூடகமாகப் பேசுகிறான். ரோமியோவின் நண்பன் மெர்குஷியோவுக்கு அது கோழைத்தனமாகப் படுகிறது, வாளை உருவுகிறான். விலக்கப் போன ரோமியோவின் கைக்கடியில்தான் டைபால்டின் வாள் பாய்கிறது. நடிகர்கள் நிற்கும் இடத்தை இங்கே கவனமாக அமை: ரோமியோவின் முதுகு டைபால்டிடம், முகம் நண்பனிடம் இருக்கட்டும். நல்லதென்று நினைத்துத்தான் குறுக்கே வந்தேன் என்று அவன் சொல்லும்போது சபைக்கு அவன் கை தெரியவேண்டும்.

செவ்வாய்க்கிழமை இன்னும் மோசம். வீட்டில் பார்த்த மாப்பிள்ளை பாரிஸை மணக்கமாட்டேன் என்ற பெண்ணைத் தெருவில் பிச்சையெடு என்கிறார் அப்பா. செவிலி அவளுக்காக இரண்டு வார்த்தை பரிந்து பேசுகிறாள், சொல்ல வேண்டிய வார்த்தையை மட்டும் விழுங்கிவிடுகிறாள். அப்புறம் பாரிஸையே கட்டிக்கொள் என்று புத்தி சொல்கிறாள். எனக்கு நாடகத்திலேயே தாங்காத இடம் அது. அதே நாளில் பாரிஸ் துறவியிடம் வந்து வியாழன் கல்யாணம் என்கிறான். அவள் ஏற்கெனவே மணமானவள் என்ற ஒரு வாக்கியம் போதும், கல்யாணம் நின்றுவிடும். துறவி, நாள் ரொம்பக் கிட்டத்தில் இருக்கிறதே என்று இழுக்கிறார்.

அப்போது சொல்லியிருந்தால் ரோமியோவைக் கொன்றிருப்பார்கள் என்பாய். நியாயம்தான். டைபால்டைக் கொன்றதற்காக ரோமியோ நாடுகடத்தப்பட்டுப் போயிருக்கும் மாந்துவாவுக்கு ஆளனுப்பி அவனுக்கு விஷம் வைக்கப்போவதாக ஜூலியட்டின் தாய் சொல்கிறாள். டைபால்ட் செத்தபிறகு உண்மையைச் சொல்வது திங்கட்கிழமை சொல்வதுபோல் எளிதல்ல. ஜூலியட் விடியலில் ரோமியோவோடு வீட்டைவிட்டு உடன்போக்காகப் போயிருக்கலாமே என்றும் கேட்டிருந்தாய். மாந்துவா வெறும் 40 கிலோமீட்டர் அளவில்தான் இருக்கிறது, ஆனால் அந்த யோசனை மேடையில் யார் வாயிலும் வரவில்லை. நல்ல நேரம் பார்த்து மணத்தை அறிவிப்போம், மன்னிப்பு வாங்குவோம் என்று துறவி திங்கள் இரவு சொன்ன நம்பிக்கையில் எல்லோரும் இருக்கிறார்கள்.

இப்போது கடிதத்துக்கு வா. பாரிஸோடு நடக்கவிருந்த கல்யாணத்திலிருந்து தப்ப, செத்ததுபோல் மயங்கிக் கிடக்க ஜூலியட்டுக்குத் துறவி மருந்து கொடுக்கிறார்; அதை ரோமியோவுக்குச் சொல்ல எழுதிய கடிதம் அது. அதே திங்கள் இரவு துறவி ரோமியோவிடம், உன் வேலைக்காரன் மூலமாகவே சேதி அனுப்புகிறேன் என்கிறார். அந்தச் சில வரிகளைத் தயவுசெய்து வெட்டாதே. வேலைக்காரன் பால்தசார். ஆனால் முக்கியமான கடிதத்தைத் துறவி கொடுத்தது ஜானிடம். அவர் துணைக்கு இன்னொரு துறவியைத் தேடிப் போன வீட்டில் கொள்ளைநோய் என்று சந்தேகித்து, ஊர்ச் சோதனைக்காரர்கள் கதவை முத்திரையிட்டு அடைத்துவிடுகிறார்கள். பயத்தில் கடிதத்தைத் திருப்பிக் கொண்டுவரக்கூட ஆள் கிடைக்கவில்லை. புரூக் கதையில் ஜான் மாந்துவாவரை போய் அங்கே மாட்டிக்கொள்வார். ஷேக்ஸ்பியரில் கடிதம் ஊர் எல்லையே தாண்டவில்லை. இரு வீட்டையும் கொள்ளைநோய் கொண்டுபோகட்டும் என்று மெர்குஷியோ சபித்துச் செத்தானே, அந்த நோய்தான் வந்து கதவை அடைத்தது. நீ விதி என்று பெயர் வைக்க ஒரே ஒரு இடம் வேண்டுமென்றால் இதை எடுத்துக்கொள், மறுக்கமாட்டேன். நீயோ அந்த இடத்தையே வெட்டியிருக்கிறாய்!

இன்னொரு கணக்கும் இருக்கிறது. மருந்தின் மயக்கம் 42 மணி நேரம், குடிக்கவேண்டியது புதன் இரவு. ஜூலியட் மன்னிப்புக் கேட்டதில் பூரித்துப்போன கபுலெட் கல்யாணத்தைப் புதனுக்கே முன்தள்ளுகிறார். அவள் செவ்வாய் இரவே குடிக்கிறாள். கடிதத்துக்கு இருந்த அவகாசத்தில் முழுசாக ஒரு நாள் போயிற்று. துறவிக்கு இது தெரியும், புதன் காலை அந்த வீட்டில்தான் இருக்கிறார். ஜான் போய்ச் சேர்ந்தாரா என்று பார்க்கவில்லை, பால்தசாரைத் தேடவும் இல்லை. ஒன்றும் அறியாத பால்தசார் ஜூலியட்டைக் கல்லறையில் வைத்ததைக் கண்ணால் பார்த்துவிட்டுக் குதிரையேறுகிறான். ரோமியோ கேட்கும் முதல் கேள்வி, துறவியின் கடிதம் உண்டா என்பது. சாவைக் கேட்டபிறகும் ஒருமுறை கேட்கிறான். இல்லை என்கிறான் பால்தசார். பரவாயில்லை என்கிறான் ரோமியோ. அந்தப் 'பரவாயில்லை'க்கு முன்னால் நடிகனை மூன்று மூச்சு நிற்கச் சொல். அங்கே அவனுக்கு ஒரு வழி திறந்திருந்தது.

இதற்கெல்லாம் கணக்கு ஒப்பிக்கிற இடம்தான் துறவியின் கடைசிப் பேச்சு. சுருக்கமாகச் சொல்கிறேன் என்று தொடங்கி நாற்பது வரி பேசுகிறார். கேட்டவர்கள் சலிப்பார்கள் என்று பயப்படாதே. அந்த நாற்பது வரியும் திங்கட்கிழமை இதே இரண்டு கிழவர்களிடம் பேசியிருக்க வேண்டியவை. அறத்தொடு நிற்றல் நடக்கிறது, பிணங்களுக்கு நடுவில் நடக்கிறது. இளவரசரும், கண்டும் காணாமல் இருந்ததால் தன் சொந்தத்தில் இருவரை இழந்தேன் என்று தன்னையே சேர்த்துக்கொள்கிறார். பாண்டியன் "யானே கள்வன்" என்று விழுந்தான், இவர் அவ்வளவு தூரம் போகவில்லை. சிலருக்கு மன்னிப்பு, சிலருக்குத் தண்டனை என்று பெயர் சொல்லாமல் முடிக்கிறார். புரூக் மருந்து விற்றவனைத் தூக்கிலிட்டு, செவிலியை நாடுகடத்தி, தீர்ப்பை எழுதியே கொடுத்துவிட்டார். ஷேக்ஸ்பியர் அதை எடுத்துவிட்டதால் அந்த வேலை சபையிடம் வருகிறது. துறவி பேசாவிட்டால் சபைக்கு எதை வைத்துத் தீர்ப்புச் சொல்லத் தெரியும்?

நேரம் வேண்டுமென்றால் ஜூலியட்டின் சாவு வீட்டில் இசைக்காரர்கள் செய்யும் வேடிக்கையை எடு. மெர்குஷியோவின் கனவுராணிப் பேச்சைப் பாதியாக்கு. ஜானுக்கு ஆள் இல்லை என்று சொல்லாதே. ரோமியோவின் உறவினன் பென்வோலியோ மூன்றாம் அங்கத்தின் முதல் காட்சியோடு காணாமல் போகிறான், அந்த நடிகனுக்கு ஓர் அங்கி மாட்டினால் போதும். கடைசிப் பேச்சில் துறவி அழவேண்டாம். கையில் கொண்டுவந்த கடப்பாரையைக் கீழே வைக்காமல், இரு தகப்பன்மாரையும் பார்த்து நாள் நாளாகச் சொல்லட்டும்.

வெட்டியதை ஒட்டிவிட்டு எழுது. ஒத்திகைக்கு வருகிறேன்.

உன்
பழைய நண்பன்