ஞாயிறு பின்பால் கண்காட்சி: உறுப்பினர்களுக்கு அறிவிப்பு

அன்பார்ந்த உறுப்பினர்களுக்கு வணக்கம். வரும் ஞாயிற்றுக்கிழமை நடைபெறும் பின்பால் (pinball: சாய்வான மேசையில் எஃகுப் பந்தை உருட்டி ஆடும் இயந்திர விளையாட்டு) கண்காட்சிக்கு வர விரும்புவோர் காலை 9.30 மணிக்குக் கிண்டி மெட்ரோ நிலைய வாசலில் கூடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

நாம் கொண்டுசெல்லும் பழைய இயந்திரம் அமெரிக்காவின் 120 வோல்ட் மின்சாரத்துக்காகச் செய்யப்பட்டது என்பதால், மின்னழுத்தத்தைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் நம் ஊர் 230 வோல்ட் இணைப்பில் அதை எவரும் நேரடியாகச் செருக வேண்டாம்; சென்ற முறை ஃபியூஸ் போனதோடு தப்பித்தோம். மேசையின் சாய்வு ஏறத்தாழ 6.5 பாகை இருக்குமாறு கால்களின் திருகுகளைச் சரிசெய்த பிறகே ஆட்டத்தைத் தொடங்க வேண்டும். சுமார் 80 கிராம் எடையுள்ள எஃகுப் பந்தில் துருவோ கீறலோ இருந்தால் அது ஆடுதளத்தின் வண்ணப்பூச்சைத் தேய்த்துவிடும் என்பதால், நல்ல மாற்றுப் பந்துகள் வைத்திருப்போர் எடுத்துவரவும். (பெசன்ட் நகர் அன்பர்கள் உப்புக்காற்றை மனத்தில் கொண்டு முதலில் சோதித்துவிடுங்கள்.)

குழந்தைகளையும் அழைத்துவரலாம். இயந்திரத்தை இலேசாகத் தட்டிப் பந்தின் போக்கை மாற்றுவது ஆட்டத்தின் ஒரு பகுதியே. ஆனால் அளவு மீறினால் உள்ளே தொங்கும் ஊசல் தன்னைச் சுற்றியுள்ள வளையத்தைத் தொட்டு, 'டில்ட்' ஆகி, அந்தப் பந்து பறிபோகும் என்பதை அவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

வருகையை வெள்ளிக்கிழமை மாலைக்குள் இக்குழுவில் தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
குழு நிர்வாகி