இடுப்புக்குள் வெள்ளையடித்த கதை

மண்டபம்
வெள்ளிக்கிழமை

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்தபோது வாக்கரைப் பிடித்துக்கொண்டு திண்ணைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தேன். வள்ளத்திலிருந்து இறங்கும்போது பாசி வழுக்கிவிட்டது. மதுரையில் இடுப்பு மூட்டையே மாற்றி 5 வாரமாகிறது. சாப்பாடு, தூக்கம் எல்லாம் சரி.

"உள்ளே வைத்த இரும்பு கழன்றுவிடாதா?" என்று கேட்டிருந்தாய். நானும் டாக்டரிடம் அதையேதான் கேட்டேன். மேஜையிலிருந்து ஒரு மாதிரியை எடுத்துக் கையில் கொடுத்தார். இரும்பு இல்லையாம், டைட்டானியம். கீழ்ப்பாதி பளபளவென்று இருக்கிறது. மேல்பாதி சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெள்ளை. தடவினால் உப்புத்தாள் போலச் சொரசொரப்பு. அந்த வெள்ளைக்கு ஹைட்ராக்ஸிஅபடைட் என்று பெயர். என் வாயில் நுழையவே இரண்டு நாளாயிற்று. கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்தது. நம் எலும்பின் எடையில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு இந்தச் சரக்குதான். பொடியை 10,000 டிகிரிக்கு மேல் எரியும் பிளாஸ்மா சுவாலையில் (மின்சாரத்தால் சூடேற்றிய வாயுவாம்) விட்டு உலோகத்தின் மேல் பீய்ச்சுகிறார்கள். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனம் இருந்தால் போதுமாம். அதிகமாக அடித்தால் காரை பெயர்வதுபோல் பெயர்ந்துவிடும்.

எலும்பு இதைத் தன் இனம் என்று நினைத்து, மேலே வளர்ந்து பிடித்துக்கொள்கிறது. வள்ளத்தின் அடியில் கொட்டலசு பிடிக்குமே, அப்படி. காலமெல்லாம் அதைச் சுரண்டியே கை ஓய்ந்தவன், இப்போது பிடி, நல்லாப் பிடி என்று வேண்டிக்கொண்டு கிடக்கிறேன். எலும்பு மெலிந்த வயதானவர்களுக்கு எலும்புச் சிமென்ட் வைத்து ஒட்டுவதும் உண்டாம். எனக்கு 54தானே, தேவையில்லை என்றார்.

இன்னொன்று கேள். 1974லேயே அமெரிக்காவில் பவளக்கல்லை இதே பொருளாக மாற்றிக் காட்டியிருக்கிறார்கள். பாஸ்பேட் கரைசலில் போட்டு அழுத்தத்தில் சூடாக்கினால், துளைகள் அப்படியே இருக்க, சுண்ணாம்பு மட்டும் மாறிவிடுகிறது. எலும்பில் குழி விழுந்த இடத்தை அடைக்க அது உதவுகிறது. நம் ஆட்களோ அந்தக் கல்லைக் கடலடிப் பாரிலிருந்து பெயர்த்து வந்து காளவாயில் சுட்டார்கள். உங்கள் பழைய வீட்டுச் சுவரில்கூடத் துளைத்துளையாகத் தெரியுமே, அதில் புளியங்கொட்டை சொருகி அத்தையிடம் அடி வாங்கினோமே! 2001லிருந்து பவளம் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறது. இப்போது தொட்டால் வனத்துறை பிடித்துக்கொண்டு போகும்.

அத்தை முழங்காலுக்கு என்ன வைக்கப்போகிறார்கள் என்று கேட்டு எழுது. முழங்காலில் பெரும்பாலும் சிமென்ட்தானாம்.

வள்ளம் இப்போது பெரியவன் கையில். கரையேற்றிச் சுரண்டுவதே இல்லை, அடி முழுக்கக் கொட்டலசு. போய்த் திட்டலாம் என்றால் மணலில் வாக்கர் புதைகிறது.

உன்
மாப்ளே