கடல் ஏற்றத்துக்கு ஆபீஸ் நேரம் தெரியாது ஐயா

படகுத்துறையைக் கவனிக்கும் மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். பேராக் மாநிலத்துப் பாகான் டத்தோ வட்டாரத் தோட்டத்தில் பிறந்து, ஓய்வுக்குப் பின் 26 அடி பாய்மரப் படகில் மனைவியோடு குடியிருப்பவன் நான். ஜெட்டிக் கதவுக்குக் காலை 9 முதல் மாலை 5 வரை என்று நீங்கள் நேரம் வைத்த கதை உங்களுக்கே தெரியும். போன வெள்ளிக்கிழமை நடந்தது மட்டும் தெரியாதிருக்கலாம்.

லூமுட்டிலிருந்து இரவோடு வந்தோம். விடியலுக்கு முன் சுமத்ரா காற்று மழையோடு அடித்தது. பாயைச் சுருட்டி, ஏற்றத்தோடு ஆற்றுக்குள் நுழைந்து 5.40க்கு ஜெட்டியில் கயிறு கட்டினோம். கதவில் பூட்டு. கம்பிக்கு அந்தப் பக்கம் பத்தடியில் தண்ணீர்க் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. எங்கள் படகு தண்ணீருக்குள் 4 அடி இறங்கி நிற்கும். உச்ச ஏற்றத்துக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம்தான் ஜெட்டியில் நிற்கலாம், அப்புறம் சேறு. விலகி நடு ஆற்றில் நங்கூரம் போட்டோம். அடுத்த ஏற்றம் மாலை 6.05. நாங்கள் ஜெட்டியை நெருங்க முடிந்தது 5.05க்கு. ஐந்து நிமிடம் முன்னால் நீங்கள் பூட்டிவிட்டீர்கள்.

சனிக்கிழமை தார்ப்பாயில் பிடித்த மழைத்தண்ணீரும் தீர்ந்தது. நடுப்பகலில் கதவு திறந்திருந்தது, ஆற்றில்தான் தண்ணீர் இல்லை. சிறு சம்பான் படகில் போய், முழங்கால் சேற்றில் இறங்கி, 20 லிட்டர் டின் இரண்டைத் தூக்கி வந்தேன். ஒன்று சேற்றில் கவிழ்ந்தது. "தோட்டத்து லயத்துல பொதுக்குழாய்ல வரிசையில நின்னப்பகூட இவ்வளவு பாடு பட்டதில்லைங்க," என்றாள் மனைவி. ஏற்றம் நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். ஆகவே செவ்வாய்க்கிழமை காலைதான் ஏற்றமும் உங்கள் சாவியும் நிதானமாகச் சந்தித்தன.

ஆகவே எங்கள் வேண்டுகோள்: கதவை ஏற்ற நேரம் பார்த்துத் திறவுங்கள், இல்லையேல் படகில் குடியிருப்போருக்கு ஒரு சாவி கொடுங்கள்.

படகு மோட்டார் திருட்டைத் தடுக்கவே பூட்டு என்கிறீர்கள். சரி. திருடன் ஆற்றுப் பக்கமாக வந்து ஆற்றுப் பக்கமாகவே போகிறான், அவனுக்குக் கதவு எதற்கு? அதே வேலியில் சுற்றுலாப் பலகை, அதில் வெள்ளைப் பாய் விரித்த படகுப் படம். படத்துப் படகுக்குத் தண்ணீர் தேவைப்படாது, அதனால் பிரச்சினை இல்லை போலும். வெளிநாட்டுப் படகுகள் லங்காவிக்கே போகின்றன, இங்கே யாரும் வருவதில்லை என்று கூட்டத்துக்குக் கூட்டம் வருத்தப்படுகிறீர்களே, வருகிறவன் எந்த வழியாக ஐயா கரையேறுவான்?

மன்னிக்கவும், சூடாகிவிட்டேன். கடற்படையின் நீர்வரைவியல் மையம் ஆண்டுதோறும் பாசாங் சூருட் (கடல் ஏற்ற இறக்க) அட்டவணை வெளியிடுகிறது. அதில் ஒரு பிரதியைக் காவலாளியின் மேசையில் வைத்தாலே பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதிக்குத் தயவுசெய்து ஒரு சாவி. முன்பணம் கேட்டாலும் கட்டுகிறேன்.

வரும் வெள்ளிக்கிழமை ஏற்றம் பதினொன்றரை வாக்கில். உங்கள் அலுவலகமும் திறந்திருக்கும். தொழுகை இடைவேளைக்கு முன் நேரில் வந்து கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நடு ஆற்றில் நங்கூரமிட்டிருக்கும் உங்கள் ஊர்க்காரன்