எண்ணூர் சேற்றையும் சோதியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது எல்லோர் கண்ணிலும் பட்டது மேலே மிதந்த படலம்தான். தண்ணீர் ஓடிவிடும், சேறு அங்கேயேதான் கிடக்கும். அந்தச் சேற்றில் கையை விட்டுத் துழாவித்தான் இறால் பிடிக்கிறார்கள்.

சேற்றில் ஃபோராமினிஃபெரா என்ற ஒற்றைச் செல் உயிரிகள் உண்டு. பெரும்பாலும் மணல் துகள் அளவு, பலவற்றுக்குச் சுண்ணாம்பு ஓடு. மாசு ஏறினால் தாங்காத இனங்கள் மறைந்து, அம்மோனியா (வாயு அல்ல, ஒரு பேரினத்தின் பெயர்) போன்றவை பெருகும். கன உலோகம் மிகுந்த இடங்களில் ஓடே கோணலாக வளர்ந்திருப்பதையும் பார்த்திருக்கிறார்கள். எடுத்த சேற்றில் ரோஸ் பெங்கால் என்ற சாயம் போட்டால், எடுத்தபோது உயிரோடு இருந்தவையும் அண்மையில் செத்தவையும் சிவக்கும், வெற்று ஓடு வெளுத்தே இருக்கும். அப்புறம், செத்தவற்றின் ஓடுகள் அடுக்கடுக்காகப் படிவதால், குழாய் இறக்கிச் சேறு எடுத்தால் அனல்மின் நிலையங்கள் வருவதற்கு முன் இந்தக் கழிமுகம் எப்படி இருந்தது என்பதைக்கூட ஓரளவு கண்டுபிடிக்கலாம்.

பருவமழைக்கு முன்பும் பின்பும் இந்தச் சோதனையை அரசு செய்ய வேண்டும், முடிவைத் தமிழில் மீனவர் குப்பங்களில் ஒட்ட வேண்டும்.

ஒரு வாசகர், திருவொற்றியூர்