ஜப்பானின் சப்போரோவில் இருக்கும் பாப்பாவுக்கு

ஆயர் ஈத்தாம், பினாங்கு
டிசம்பர் 8

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் நலம். பசியாறிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். அம்மா உனக்கு முறுக்குப் பார்சல் கட்டுகிறாள். "தெய்னே மலையில் பனி விழுந்துவிட்டது, பனிச்சறுக்குத் தளத்தைச் சீக்கிரம் திறக்கப் போகிறார்கள்" என்று நீ மெசேஜ் போட்டு இருபது நாள் ஆகிறது. அதற்குப் பிறகு ஒரு வரிகூட இல்லை. வேலை அதிகமாக இருக்கும். சரி.

படி ஏறி இறங்கும்போது பார்த்துப் போ. முழங்காலைக் குளிரில் விடாதே. நல்லெண்ணெயும் பார்சலில் வருகிறது, லேசாகச் சூடாக்கித் தேய்த்துக்கொள்.

போன வாரம் மாமா வந்தார். பலகை, பூட்ஸ், லிஃப்ட் டிக்கெட் என்று இவ்வளவு வெள்ளியைக் கொட்டிப் பனியில் விழுந்து எழ வேண்டுமா என்று கேட்டார். முன்பென்றால் நானும் தலையாட்டியிருப்பேன். இந்தத் தடவை விடவில்லை. 1972 குளிர்கால ஒலிம்பிக்கின் சில போட்டிகள் அந்த மலையில்தான் நடந்தன என்றேன். சைபீரியாவிலிருந்து வரும் காற்று கடலைத் தாண்டும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து அங்கே மாவு மாதிரிப் பனியாகக் கொட்டுகிறது, அதற்காகவே உலகத்தின் மூலை முடுக்கிலிருந்து ஆட்கள் வருகிறார்கள் என்றேன். பனியே விழாத நம் மலேசியாவுக்காக 2018-இல் ஜெஃப்ரி வெப் போனார், 2022-இல் அருவின் சலேஹுதீன் என்ற பெண்ணும் போனாள் என்றேன். எல்லாம் உனக்காகப் படித்து வைத்தது. மாமா காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

இருந்தாலும் அவர் கேட்டது மனசிலேயே நின்றது. ஞாயிற்றுக்கிழமை நம் பினாங்குக் கொடிமலை ஏறும்போது யோசித்தேன். 1923-இலிருந்து ரயில் ஓடுகிறது, ஏறி உட்கார்ந்தால் மேலே போய்விடலாம். நாங்கள் ஏன் இருட்டில் எழுந்து தாவரவியல் பூங்கா வாசலிலிருந்து ஐந்து கிலோமீட்டர் செங்குத்துப் பாதையில் நடக்கிறோம்? பாதி வழியில் '84' என்கிற ஓய்விடத்தில் தேநீர்க் குவளையைக் கையில் வாங்கும்போது கால் நடுங்கும். "போன வாரம் ஏன் வரவில்லை?" என்று அங்கே யாராவது கட்டாயம் கேட்பார்கள். அந்தக் கேள்விக்காகவே அடுத்த வாரமும் போகிறேன். உனக்கும் அப்படித்தானே? முதல் வருடம் எழுதியிருந்தாய்: லிஃப்டில் பக்கத்தில் உட்கார்ந்த பாட்டி, ஒன்றும் பேசாமல் உன் கையுறைக்குள் ஒரு மிட்டாயைத் திணித்துவிட்டு இறங்கிப் போனாள் என்று. அடுத்த சனிக்கிழமையும் அவளைத் தேடிப் போனாய். மாமாவுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க எனக்குத் தெரியவில்லை.

ஆனால் ஒன்று. அந்த பூட்ஸ் இறுக்கமாக இருந்து கணுக்காலைக் காப்பாற்றிவிடுகிறது, திருகலெல்லாம் முழங்காலுக்குப் போகிறது என்று படித்தேன். விழுந்தால் பலகை தானாகக் கழன்றுகொள்ள வேண்டும். பூட்ஸைப் பலகையோடு பிடித்திருக்கும் அந்தப் பிடியை உன் எடைக்குத் தக்கபடி கடைக்காரரிடம் கொடுத்துத் திருகி வாங்கு. நீயே திருகாதே. முழங்கால் ஜவ்வு அறுந்து ஆபரேஷன் செய்தவர்கள் ஒன்பது மாதமாவது பொறுக்க வேண்டுமாம். நான் பொதுவாகத்தான் சொல்கிறேன்.

பொதுவாக இல்லை, பாப்பா. மார்ச்சில் நீ அனுப்பிய போட்டோவில், ஜன்னலோரம் பூச்செடி, அதற்குப் பக்கத்தில் கண்ணாடி. அந்தக் கண்ணாடிக்குள் நாற்காலிமேல் நீட்டிய உன் கால் தெரிகிறது. முழங்காலைச் சுற்றிக் கறுப்புப் பட்டை, இரண்டு பக்கமும் கம்பி. அன்றிலிருந்து நீ போனில் முகத்தை மட்டும்தான் காட்டுகிறாய். நானும் அம்மாவும் ஒன்பது மாதமாக அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்கிறோம்.

எங்களிடம் ஏன் சொல்லவில்லை என்று கோபப்பட்டேன். அப்புறம் அந்த ஸ்பைக்ஸ், உன் ஓட்டப்பந்தயக் காலணி, ஞாபகத்துக்கு வந்தது. படிவம் இரண்டில், தீபாவளிக் காசைச் சேர்த்து நீ வாங்கியது. நானூறு மீட்டரில் விழுந்து, முட்டியெல்லாம் ரத்தமாக வீட்டுக்கு வந்தாய். நான் காயத்தைப் பார்க்கவில்லை. "பொம்பளப் பிள்ளைக்கு என்ன ஓட்டம்" என்று கத்தினேன். மறுநாள் நீ பள்ளிக்கூடம் போனதும் ஸ்பைக்ஸைத் தமிழ் நேசன் பேப்பரில் சுற்றி யாருக்கோ கொடுத்துவிட்டேன். நீ வந்து தேடினாய். தெரியாது என்றேன். இத்தனை வருடம் அதை நான் யாரிடமும் சொல்லவில்லை, அம்மாவிடமும். விழுந்தால் அப்பாவிடம் சொல்லக்கூடாது என்று உனக்குக் கற்றுக்கொடுத்தது நான்தான். தப்பு என்னுடையது, பாப்பா.

இந்த வருடம் மலைக்குப் போகாதே என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதவில்லை. டாக்டர் சரி என்றால் போ. போய் வந்ததும் ஒரு வரி போடு.

கண்ணாடியில் தெரிந்ததால் வலம் இடம் குழம்புகிறது. அம்மா இடது கால் என்கிறாள், எனக்கு வலது என்று படுகிறது. எந்தக் கால் என்று எழுது.

அன்புடன்,
அப்பா