முகாரி பாடாத நாயகர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பிதழில் இரண்டு முழுப் பக்கங்களுக்கு வந்திருந்த நாவலாசிரியரின் பேட்டியைப் படித்தேன். அவர் எழுதும்போது என்ன இசை கேட்பார், எந்த ஒலிபெருக்கியில் கேட்பார், அந்த நேரத்தில் வீட்டார் எவ்வளவு சத்தமில்லாமல் நடமாட வேண்டும் என்பதையெல்லாம் தெரிந்துகொண்டோம். மகிழ்ச்சி. ஆனால் பெரிய எழுத்தில், தனியே கட்டம் கட்டி, தாங்களே பொறுக்கியெடுத்து ஒரு வாக்கியத்தைப் போட்டிருந்தீர்களே, "முகாரி பாடும் நாயகர்களை நான் படைப்பதில்லை" என்று, அதை மட்டும் என்னால் விழுங்க முடியவில்லை.

நான் நாகர்கோவில் வடிவீஸ்வரத்துக்காரன். முகாரி ராகம் என்றால் அழுமூஞ்சித்தனம் என்று ஊரில் எல்லோரும்தான் சொல்கிறார்கள். அதைச் சொல்வதற்கு விருது வாங்கிய ஒருவர் தேவையில்லை. முகாரி என்றதும் சங்கீதம் கேட்கிறவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது 'என்றைக்குச் சிவகிருபை வருமோ'. அதை இயற்றிய நீலகண்ட சிவன் 1839இல் பிறந்தது எங்கள் வடிவீஸ்வரத்தில், வாழ்ந்தது பத்மநாபபுரத்தில். பாபநாசம் சிவன் இளமையில் இவருடைய பாடல்களில் மனம் பறிகொடுத்தவர் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. அதே முகாரியில்தான் தியாகராஜர் சபரியின் பாக்கியத்தை எப்படி வர்ணிப்பேன் என்று பூரித்துப் பாடுகிறார். ராமனைக் கண்ணாரக் கண்டு, கையால் பழம் கொடுத்த ஒரு கிழவியின் பேறு அது. அதில் ஒப்பாரி எங்கே இருக்கிறது? நாயகர்களை விட்டுவிடுவோம், ராகத்தையாவது தெரிந்துகொண்டு திட்டியிருக்கலாம்.

பேட்டியின் ஓரத்தில் அவருக்குப் பிடித்த இசைப் பட்டியல் ஒன்றும் இருந்தது. முதலிடம் பீத்தோவனின் மூன்றாம் சிம்பொனி, எரோயிகா. பெயரே வீரத்தைச் சொல்கிறது. நெப்போலியனை மனத்தில் வைத்துத் தொடங்கியது. 1804இல் அவன் தன்னைப் பேரரசன் என்று அறிவித்துக்கொண்டதும் ஆத்திரத்தில் பெயரை நீக்கிவிட்டார் என்பார்கள். என் பேரன் அதைக் கைப்பேசியில் தேடிப் போட்டுக் கொடுத்தான். முழுக்கக் கேட்டேன். அதன் இரண்டாம் பகுதி என்ன தெரியுமா ஐயா? சவ ஊர்வல இசை. ஏறக்குறையக் கால் மணி நேரம். கோட்டாற்றில் பாண்டு வாத்தியத்தோடு சவப்பெட்டி கல்லறைத் தோட்டத்துக்குப் போகுமே, அதே தள்ளாடும் நடை. வீரனுக்கென்று எழுதிய இசையில் கால் மணி நேரம் இழவு காக்கிறார் பீத்தோவன். அதைத் தினமும் கேட்டுக்கொண்டே தன் நாயகன் கண்ணில் ஒரு சொட்டு நீர் வராமல் பார்த்துக்கொள்கிறார் நம் நாவலாசிரியர். பேட்டி கண்ட தங்கள் நிருபருக்கு இதைப் பற்றி ஒரு கேள்வி கேட்கத் தோன்றவில்லை. ஒலிபெருக்கியின் விலையைக் கேட்கத் தோன்றியிருக்கிறது.

கண்ணீர் விடும் நாயகனை வாசகர் மதிப்பதில்லை என்றும் சொல்கிறார். எந்த வாசகர்? கோவலன் கடற்கரையில் யாழை வாங்கிப் பாடினான். மாதவி அதே யாழை வாங்கி எதிர்ப்பாட்டுப் பாடினாள். அந்த இரண்டு பாட்டில்தான் ஒரு குடும்பத்தின் விதியே திரும்பியது. அதே கோவலன் பிறகு ஆயர் வீட்டில் கண்ணகியின் முன் தன் தவறுகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லிக் குமைகிறான். அவன் வணிகன்தானே என்பார்கள். சரி, இலக்குவன் போர்க்களத்தில் விழுந்து கிடக்கும்போது ராமனைக் கம்பர் எப்படிக் கதறவிடுகிறார்? அதனால் ராமனின் வில் வளைந்தா போயிற்று? தொல்காப்பியர், மனத்தின் உணர்ச்சி உடலில் வெளிப்படும் மெய்ப்பாடு எட்டு என்று வகுத்து, நகைக்கு அடுத்தபடியாக அழுகையை வைத்தார். பெருமிதத்தையும் அதே வரிசையில்தான் வைத்தார். ஒன்று இருந்தால் மற்றது இருக்கக்கூடாது என்று எங்கும் சொல்லவில்லை. அந்த நூலைக் கேட்டு ஒப்புக்கொண்ட அதங்கோட்டாசான் எங்கள் மாவட்டத்து அதங்கோட்டுக்காரர் என்று நாங்கள் பெருமை பேசுவோம். இல்லை என்பவர்களோடு இந்தக் கடிதத்தில் சண்டைக்கு வரவில்லை. வேறு கடிதத்தில் வருவேன்.

என் தாய்மாமன் ஒரு வில்லிசைக் குழுவில் குடம் அடித்தவர். பள்ளி விடுமுறையில் கொடைக்குக் கொடை, அதாவது எங்கள் பக்கத்துக் கோயில் திருவிழாக்களுக்கு, அவரோடு போவேன். பந்தலில் எனக்கு இடம் எப்போதும் குடத்துக்குப் பின்னால்தான். முத்துப்பட்டன் கதை என்றால் கூட்டம் நடுச்சாமம் தாண்டியும் எழுந்திருக்காது. அவன் யார்? அந்தணன். காட்டில் இரண்டு பெண்கள் பாடுவது காதில் விழ, அந்தப் பாட்டைத் தேடிப் போய்த் தன்னை இழந்தவன். பொம்மக்கா, திம்மக்காவை மணக்க அவர்கள் தகப்பன் வாலப்பகடை கேட்டபடி குடுமியையும் பூணூலையும் அறுத்துப் போட்டுச் செருப்புத் தைத்தவன். கடைசியில் மாமனாரின் மாடுகளைக் காக்கப் போய்க் கள்ளர்களோடு பொருது செத்தவன். இவனைவிட உணர்ச்சிவசப்பட்டவனும் இல்லை, இவனைவிட வீரனும் இல்லை. அவன் விழுகிற இடம் வந்ததும் கதை பாடும் புலவர், வில்லைத் தட்டும் வீசுகோலை மெல்ல வைத்துவிடுவார். மணிகள் அடங்கிவிடும். உடுக்கை மட்டும் தனியே பேசும். பகலெல்லாம் தென்னை ஏறியவர்களும், தலைச்சுமையாக மீன் கொண்டுபோய் விற்ற பெண்களும் அங்கே உட்கார்ந்து துண்டாலும் முந்தானையாலும் முகத்தைத் துடைத்ததை நான் பார்த்திருக்கிறேன். அவர்களில் ஒருவர்கூட முத்துப்பட்டன் மீது மதிப்பிழந்து எழுந்து வீட்டுக்குப் போகவில்லை. தெய்வமாகத்தான் கும்பிட்டார்கள்.

பேட்டி கொடுத்த அந்த நாவலாசிரியர் எழுதிய நாவல் ஒன்றையும் நூலகத்தில் எடுத்துப் படித்தேன். தகப்பனைச் சுடுகாட்டில் எரித்துவிட்டு வந்த நாயகன், கைகால் கழுவிவிட்டு மின்கட்டண ரசீதைத் தேடுகிறான். மூன்று பக்கம் தேடுகிறான். கிடைத்ததா என்பதைச் சொல்லாமல் அத்தியாயம் முடிகிறது. இதற்குப் பெயர் அடக்கமாம். எங்கள் ஊரில் இதற்குப் பெயர் வேறு.

அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. தங்கள் மார்கழி இசைச் சிறப்பிதழ் ஒரு முறையாவது மயிலாப்பூரைத் தாண்டியிருக்கிறதா? கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் சிறுவயதில் வில்லுப்பாட்டில் தொடங்கி வளர்ந்த மாவட்டம் இது. இங்கே கொடை விழா என்றால் தங்கள் மாவட்டப் பக்கத்தில் ஒலிபெருக்கிப் புகாராக வரும். இல்லாவிட்டால் போக்குவரத்து மாற்றமாக வரும். பல்லாண்டுகள் வில்லின் நடுவே அமர்ந்து பாடிய மூதாட்டி ஒருவர் மறைந்தபோது ஒரு வரிகூட வரவில்லை. அவருடைய பிள்ளைகள் பணம் கட்டி விளம்பரம் கொடுத்த பிறகு கண்ணீர் அஞ்சலி வந்தது, மற்ற விளம்பரங்களுக்கு நடுவே. பத்மநாபபுரத்திலிருந்து சரசுவதி அம்மன் நவராத்திரிக்குத் திருவனந்தபுரம் புறப்படும் பவனியைப் பற்றி நான் எழுதிய நீண்ட கடிதத்தைத் தாங்கள் இரண்டு வரியாகச் சுருக்கி, அதிலும் தக்கலையை 'தட்கலை' என்று அச்சிட்டதை நான் மறந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம்.

இனி விண்ணப்பத்துக்கு வருகிறேன். அதே பேட்டியின் கடைசிப் பத்தியில் "கிராமத்துச் சத்தங்கள்" பற்றி அவர் சொன்ன இடத்தில் ஒரு படம் போட்டிருக்கிறீர்கள். நீண்ட வில், அதில் தொங்கும் மணிகள், பக்கத்தில் குடம், நடுவே வீசுகோல் பிடித்த புலவர். இவ்வளவும் தெளிவாகத் தெரியும் படத்துக்குக் கீழே 'கணியான் கூத்து' என்று அச்சாகியிருக்கிறது. கணியான் கூத்தில் வில் கிடையாது; மகுடம் என்ற தோல்கருவியை அடிப்பார்கள், பெண்வேடமிட்ட ஆண்கள் ஆடுவார்கள். தங்கள் அலுவலகத்தில் இது தெரிந்தவர்கள் நிச்சயம் இருப்பார்கள், அன்றைக்கு அவர்கள் விடுப்பில் இருந்திருப்பார்கள். அது வில்லுப்பாட்டுப் படம் என்று ஒரு திருத்தம், அதே இணைப்பிதழில், கண்ணுக்குத் தெரியும் எழுத்தில் போட்டால் போதும். இடம் இல்லையென்றால் ராசிபலனில் ஏதாவது ஒரு ராசிக்கு அந்த வாரம் பலன் இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். என் ராசியையே எடுத்துக்கொள்ளுங்கள், ஆட்சேபணை இல்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்,
வடிவீஸ்வரம், நாகர்கோவில்.

பி.கு.: கடிதத்தைச் சுருக்குவதானால் தொல்காப்பியத்தை வெட்டிக்கொள்ளுங்கள். முத்துப்பட்டன் மேல் கை வைக்க வேண்டாம்.