சுற்றுலாக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்: இந்தத் தடவை ஆற்றோடு போவோம்

அன்புள்ள அண்ணாச்சிமார்களுக்கும் அக்காமார்களுக்கும்,

வணக்கம். பொங்கல் கழிந்து நம் தமிழ்ச் சங்கம் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போகும் ஒருநாள் சுற்றுலாவுக்கான அறிவிப்பு வாட்ஸ்அப்பில் வந்தது. காலை ஒன்பது மணிக்குத் தாராவியிலிருந்து பஸ். போரிவலி தேசியப் பூங்காவில் சிங்கம், புலி சஃபாரி. மதியச் சாப்பாடு. கோராய் பகோடா என்கிற பௌத்தத் தியான மண்டபம். கோராய் கடற்கரை. அங்கே மியூசிக்கல் சேர், பரிசளிப்பு, நன்றியுரை. இரவு எட்டுக்குள் வீடு. படித்து முடித்ததும் எனக்கே மூச்சு வாங்கியது. இதைக் குழுவுக்கு மட்டும் சொல்லாமல் எல்லோரும் படிக்க எழுதுவதற்குக் காரணம் உண்டு. சயான், செம்பூர், முலுண்ட், கல்யாண் என்று நம் ஆட்கள் இருக்கிற இடத்துச் சங்கங்கள் பலவும் ஏறக்குறைய இதே பட்டியலைத்தான் வருஷா வருஷம் நகல் எடுக்கின்றன.

காடும் வேண்டும், கடலும் வேண்டும், இரண்டும் ஒரே நாளில் வேண்டும். அதில் எனக்குச் சண்டையே இல்லை. ஆனால் நாள் முழுவதையும் புலி அடைப்பைச் சுற்றிக் கட்டாமல், தண்ணீரைச் சுற்றிக் கட்டுங்கள் என்று கேட்கிறேன். பூங்காவுக்குள் இருக்கும் துளசி ஏரியில் தொடங்குகிறது தஹிசர் ஆறு. போரிவலி, தஹிசர் வழியாக ஓடி மனோரிக் கழியில் கலந்து அரபிக்கடலுக்குப் போகிறது. கோராய்க்குப் படகில் போகும்போது நாம் கடப்பது அந்தக் கழியைத்தான். அதாவது உங்கள் பட்டியலின் முதல் இடத்தையும் கடைசி இடத்தையும் ஓர் ஆறு ஏற்கெனவே இணைத்து வைத்திருக்கிறது. நாம்தான் நடுவில் ஏ.சி. பஸ்ஸைப் போட்டு அதை மறைத்துவிட்டோம்.

போன வருஷம் நடந்ததை நினைத்துப் பாருங்கள். ஒன்பது மணி பஸ் பத்தேகாலுக்குக் கிளம்பியது. ஹைவேயில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். சஃபாரிக்கு வரிசை, விடுமுறை நாளில் அது இருக்கத்தான் செய்யும். கம்பிவலை போட்ட வண்டியில் ஏறியதும், புலி இருந்த பக்கம் உட்கார்ந்தவர்கள் பார்த்தார்கள். மற்றவர்கள், முன் சீட்டுப் பையன் எடுத்த வீடியோவில் பார்த்தார்கள். கோராய்க்குப் பாலம் கிடையாது என்பதால் பயந்தர், உத்தன் என்று பஸ் ஊரைச் சுற்றியது. கடலை அடைந்தபோது சூரியன் இறங்கிவிட்டது. மைக்கில் நன்றியுரை ஓடிக்கொண்டிருந்தபோது பாதிப் பிள்ளைகள் தூக்கத்தில் இருந்தார்கள்.

சஃபாரியில் இருக்கும் சிங்கமும் புலியும் வேலி போட்ட அடைப்புக்குள் வளர்பவை. வைத்திருப்பவர்களை நான் குறை சொல்லவில்லை. 'காட்டுப்புலி பார்க்கப் போறோம்' என்று பிள்ளைகளிடம் நாம் சொல்வதுதான் உறுத்துகிறது. அந்தக் காட்டில் வேலி இல்லாமல் உலவுவது சிறுத்தை. சுமார் 104 சதுர கிலோமீட்டர் காடு, சுற்றிலும் கோடிக்கணக்கான ஜனம். அப்படியிருந்தும் அந்தக் காட்டிலும் அதை ஒட்டிய ஆரே பகுதியிலுமாக நாற்பதுக்கு மேற்பட்ட சிறுத்தைகள் இருப்பது தானியங்கிக் கேமரா வைத்து எண்ணியதில் தெரிந்திருக்கிறது. பகலில் கண்ணில் படாது. படாமல் இருப்பது அதற்கும் நல்லது, நமக்கும் நல்லது. 'இங்கே இருக்கு, ஆனா பார்க்க முடியாது' என்றால் பிள்ளைகளுக்குச் சப்பென்று போய்விடும் என்று நினைக்கிறீர்களா? சொல்லிப் பாருங்கள், ஒவ்வொரு புதரையும் எப்படி உற்றுப் பார்ப்பார்கள் என்று. அந்தக் காட்டுக்குள் தலைமுறை தலைமுறையாக வாழும் வார்லி மக்கள் வாகோபா என்று அந்தப் பெரும்பூனையையே சாமியாக வைத்துக் கும்பிடுகிறார்கள். ஐயனாரையும் சுடலைமாடனையும் கும்பிட்டு வளர்ந்த நமக்கு அது விளங்காதா என்ன?

சரி, தண்ணீருக்கு வருகிறேன். பூங்காவுக்குள் இரண்டு ஏரிகள். விஹார் ஏரி 1860-இல் கட்டி முடிந்தது, துளசி 1879-இல். மும்பைக்குக் குடிதண்ணீர் தரும் ஏழு ஏரிகளில் இவை இரண்டும்தான் நகரத்துக்குள்ளேயே இருப்பவை, அளவில் ஆகச் சிறியவையும் இவைதான். மற்ற ஐந்தும் வெளியே, தானே, நாசிக் பக்கம் இருக்கின்றன. விஹார் நிரம்பி வழிந்தால் அந்தத் தண்ணீர் எங்கே போகிறது தெரியுமா? பவாய் ஏரியிலிருந்து வழிவதையும் சேர்த்துக்கொண்டு, விமான ஓடுபாதைக்கு அடியில் நுழைந்து, குர்லாவைத் தாண்டி, நம் தாராவியை உரசிக்கொண்டு மாஹிமில் கடலுக்குப் போகிறது. மித்தி ஆறு. நாம் மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கிற அதே மித்தி. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியபோது வீட்டுக்குள் வந்து பாத்திரங்களை மிதக்கவிட்டதும் இதே ஆறுதான். அது ஒரு காட்டிலிருந்து வருகிறது என்று நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? பெரியவர்களிலேயே நாலு பேரிடம் கேட்டுப் பாருங்கள்.

ஆகவே காலையில் முதல் வேலை கான்ஹேரி. நுழைவாயிலிலிருந்து ஆறேழு கிலோமீட்டர் உள்ளே, மேட்டில். பிள்ளைகளை அத்தனை தூரம் நடக்கவிட வேண்டாம், மினி பஸ் இருக்கிறது. நூற்றுக்கு மேற்பட்ட குகைகள். கி.மு. முதல் நூற்றாண்டு தொடங்கி ஏறத்தாழ ஆயிரம் வருஷம் பௌத்த பிக்குகள் புழங்கிய இடம். எல்லோரும் மூன்றாம் குகையின் பெரிய புத்தர் சிலைகளுக்கு முன்னால் போட்டோ எடுத்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். நீங்கள் பிள்ளைகளை மேலே ஏற்றுங்கள். பெரும்பாலும் ஒவ்வொரு குகையின் வாசல் பக்கத்திலும் பாறையைக் குடைந்த தண்ணீர்த் தொட்டி ஒன்று இருக்கும். தொட்டிக்கு மேலே சரிவில் பாருங்கள், பாறையிலேயே சின்ன வாய்க்கால் வெட்டியிருப்பார்கள். அதில் விரலை வைத்துக்கொண்டே நடந்தால், மழைத்தண்ணீர் எங்கே விழுந்து, எந்தப் பக்கம் திரும்பி, எப்படித் தொட்டிக்குள் இறங்குகிறது என்று கை சொல்லிவிடும். குழாயில் தண்ணீர் வரும் கொஞ்ச நேரத்துக்குள் நீலக் கலர் டிரம்மை நிரப்பி வைக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதற்கு மேல் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

கல்வெட்டுகளையும் காட்டுங்கள். குகை வெட்டவும் தொட்டி வெட்டவும் காசு கொடுத்தவர்களின் பெயரும் ஊரும் பிராமி எழுத்தில் இருக்கின்றன. கல்யாண் வணிகர்கள் அதில் அடிக்கடி வருகிறார்கள், சோபாராக்காரர்களும் உண்டு. இன்றைக்கு கல்யாணிலிருந்தும் நாலாசோபாராவிலிருந்தும் லோக்கலில் தொங்கிக்கொண்டு வேலைக்கு வரும் நம் ஆட்களுக்கு இது கேட்கவே சந்தோஷமாக இருக்கும். தொண்ணூறாம் குகையில் இன்னொரு வேடிக்கை. 1009-இலும் 1021-இலும் சுற்றிப் பார்க்க வந்த பார்சிகள் சிலர் பழைய பாரசீகத்துப் பஹ்லவி எழுத்தில் தங்கள் பெயர்களைச் சுவரில் செதுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். ஆயிரம் வருஷம் ஆனதால் அது சரித்திரம். நம் பையன் காம்பஸை எடுத்தால் அபராதம். அந்த வித்தியாசத்தைப் பஸ்ஸிலேயே விளக்கிவிடுங்கள்.

வழியில் கார்வி செடிகளைக் காட்டலாம். நம் குறிஞ்சியின் நெருங்கிய சொந்தம். குறிஞ்சிக்குப் பன்னிரண்டு வருஷம் என்றால் இதற்கு எட்டு. 2016-இல் பூத்தது, 2024-இல் பூத்தது, இனி 2032. இப்போது ஆறாம் வகுப்பில் இருக்கிறவன் அப்போது காலேஜில் இருப்பான், தன் செலவிலேயே வந்து பார்த்துக்கொள்ளட்டும்.

இறங்கி வரும்போது, பூங்காவின் கீழ்ப்பகுதியில் தஹிசர் ஆற்றங்கரையில் கொஞ்ச நேரம் உட்காருங்கள். தை மாதத்தில் தண்ணீர் ஒல்லியாகத்தான் இருக்கும், பரவாயில்லை. பூங்காவை விட்டு வெளியேறிய பிறகு மாட்டுக் கொட்டகைகளின் சாணமும் வீட்டுச் சாக்கடையும் பிளாஸ்டிக்கும் அதில் சேர்கின்றன. மதியம் கழியில் இதே தண்ணீரைப் பார்க்கப்போகிறோம் என்று மட்டும் சொல்லி வையுங்கள். மீதியைப் பிள்ளைகளே கேட்பார்கள்.

சாப்பாட்டைப் பற்றிச் சுருக்கமாக. கான்ஹேரியில் பொட்டலத்தைப் பிரிக்காதீர்கள். அங்குள்ள குரங்குகளுக்குப் புளியோதரைக்கும் தயிர்சாதத்துக்கும் பேதம் தெரியாது, பையோடு போய்விடும். தெர்மாகோல் தட்டு வேண்டவே வேண்டாம், வீட்டிலிருந்து எவர்சில்வர் டப்பாவில் கொண்டுவரச் சொல்லுங்கள். சிந்திய சோற்றைக் காட்டோரத்தில் கொட்டுவதும் கூடாது. எச்சில் விழும் இடத்துக்குத் தெருநாய் வரும். நாய் வரும் இடத்துக்குச் சிறுத்தை வரும். காட்டோரத்துச் சிறுத்தைகளுக்கு நாய் முக்கியமான இரை. பிறகு சிறுத்தை ஊருக்குள் வந்துவிட்டது என்று டிவியில் அலறுவார்கள்.

பஸ்ஸையே விட்டுவிடலாம் என்பது என் அபிப்பிராயம். மாஹிமில் காலை ஆறரைக்கு லோக்கல் பிடித்தால் போரிவலி. தண்டவாள வேலைக்காக ரயிலைக் குறைக்கும் ஜம்போ பிளாக் இருக்கிறதா என்று முந்தின நாளே பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். ஸ்டேஷனிலிருந்து பூங்கா வாசல் நடக்கிற தூரம். மதியம் மேற்குப் பக்கம் வந்து ஷேர் ஆட்டோவில் கோராய் படகுத்துறை. முழங்கால் வலி உள்ள பெரியவர்களுக்கு ஒரு வேன் வைத்துக்கொள்ளலாம். பகோடாவை இன்னொரு நாளுக்குத் தள்ளிவிடுங்கள். தூணே இல்லாத அத்தனை பெரிய குவிமாடத்துக்குக் கீழே பிள்ளைகளை ஓட ஓட விரட்டிக்கொண்டு போவது, அங்கே தியானத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் தொந்தரவு.

படகு கால் மணி நேரம்தான். ஆனால் கரையில் ஏறுவதற்கு முன்னால் அலையாத்திச் செடிகளுக்கு அடியில் சேற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். மேல்நோக்கி ஆணி ஆணியாக நிற்பவை மூச்சுவிடும் வேர்கள். ஒரு கொடுக்கு மட்டும் உடம்பளவுக்குப் பெருத்த நண்டு அதை ஆட்டி ஆட்டிக் கூப்பிடும். சேற்றின் மேலேயே துள்ளித் திரியும் மீன் ஒன்றும் உண்டு. கூடவே பால் கவரும் சிப்ஸ் கவரும் வேர்களில் மாட்டித் தொங்கும். காலையில் பார்த்த ஆறு கொண்டுவந்ததும் அதில் இருக்கும். அதை ஒளிக்க வேண்டாம்.

கோராய், மனோரி, உத்தன் மூன்றும் சேர்ந்த அந்தத் தீவுக்குத் தாராவி பேட் என்று ஒரு பெயர் உண்டு. தாராவியில் கிளம்பித் தாராவியில் இறங்கினோம் என்று பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொல்லிக்கொள்ளலாம். அங்குள்ள மீனவர் குடியிருப்புகளில் மூங்கில் பந்தலில் பொம்பில் மீன் காயப் போட்டிருப்பார்கள். இரண்டு மீனை வாயோடு வாய் கோத்துக் கயிற்றின் இரு பக்கமும் தொங்கவிடுவது அவர்கள் வழக்கம். கருவாட்டு மணத்துக்கு நம் திருநெல்வேலி, தூத்துக்குடி ஆச்சிகள் முகம் சுளிக்க மாட்டார்கள். விலை விசாரிக்க ஆரம்பித்தால் படகைத் தவறவிடுவோம் என்பதுதான் பயம்.

கடைசியாகத் தேதி. நீங்கள் தினக்காலண்டரைப் பார்த்து அஷ்டமி, நவமியைத் தள்ளிவிட்டு நாள் குறிப்பீர்கள் என்று தெரியும். இந்த விஷயத்தில் கடலும் உங்கள் கட்சிதான். மும்பையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நண்பகல் வாக்கில் கடல் ஏறி நிற்கும். பிறகு மாலை வரை இறங்கிக்கொண்டே போகும். கரை அகலமாகக் கிடைக்கும். ஈர மணலில் மிளகளவு உருண்டைகளை உருட்டிக் கோலம் போட்டு வைக்கும் குட்டி நண்டுகளின் வேலையை அப்போதுதான் பார்க்க முடியும். அஷ்டமி வாக்கில் இது தலைகீழ், சாயங்காலம் தண்ணீர் ஏறும். தை அமாவாசை அன்றே வேண்டாம், பெரியவர்கள் தர்ப்பணம், விரதம் என்று இருப்பார்கள். அதை ஒட்டி வரும் ஞாயிறு போதும். ஆனால் இறங்குகிற கடல் ஆளை உள்ளே இழுக்கும். கணுக்காலுக்கு மேல் தண்ணீரில் யாரும் நிற்கக் கூடாது, நீச்சல் தெரிந்த அண்ணன்மார்களும்தான். பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் என்று பெயர் எழுதிப் பிரித்துவிடுங்கள். தண்ணீர் இறங்கிய பிறகு படகுத்துறையில் பாசி வழுக்கும், ஆகவே வெளிச்சம் இருக்கும்போதே திரும்ப வேண்டும். மியூசிக்கல் சேரையும் நன்றியுரையையும் அடுத்த வாரம் சங்கத்திலேயே வைத்துக்கொள்ளலாம். நாற்காலிகளும் அங்கேதான் இருக்கின்றன.

பஸ் வாடகை மிச்சமானால் ஆளுக்கு வாங்கும் தொகையைக் குறைக்கலாம். போன தடவை காசு கட்ட முடியாமல் வராமல் போன பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு அலை நேர அட்டவணையை நான் கொண்டுவருகிறேன். காலண்டரை நீங்கள் கொண்டுவாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் சங்கத்து உறுப்பினர், இரண்டு பிள்ளைகளின் அம்மா
தாராவி, மும்பை